எட்டு ஸ்க்ரூவும் சிவப்புக் கோடும்

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் மகள் ஆறு கட்டத்திலும் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். பல் தேய்த்தாச்சு, படுக்கை மடிச்சாச்சு, பை அடுக்கியாச்சு. போர்வை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது.

"பல்லே தேய்க்கல, அதுக்குள்ள டிக்கா?" என்றார் அப்பா.

"எப்படியும் தேய்க்கத்தானே போறேன்பா. முன்னாடியே போட்டுட்டா ஒரு வேலை மிச்சம்."

சிரிக்க வாயெடுத்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இதே காரியத்தை அவரும் ஒருமுறை செய்திருக்கிறார். இவள் பிறந்த அன்று.

மாடிக்கு மாடி சோலார் பேனல் மாட்டுவது அவர் பிழைப்பு. பேனல்களின் ஒயர்கள் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். அங்கே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கிய பிறகு, அதன் தலையிலிருந்து பக்கத்து பிளாஸ்டிக் வரை சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். தளர்ந்த இடம் சூடாகும், பொறி பறக்கும், மிச்சத்தைத் தீ பார்த்துக்கொள்ளும்.

அன்று அக்காவின் தையல்கூடத்து மாடியில் எட்டு ஸ்க்ரூவையும் பேருக்கு முடுக்கிவிட்டு, எப்படியும் இறுக்கத்தானே போகிறோம் என்று கோடுகளை முதலில் போட்டார். மனைவிக்கு வலி கண்டுவிட்டதென்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மூன்று நாள் கழித்து வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தார். கோடு இருந்தது. இறுக்கியாச்சு என்று மூடிவிட்டார்.

அந்த மாடிக்குக் கீழே ஒன்பது பெண்கள் தைக்கிறார்கள். ஆளுயரத்துக்குத் துணி அடுக்கியிருக்கும். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. மகளைப் பள்ளியில் விட்ட கையோடு அங்கே போய் நின்றார்.

"எல்லாரையும் வெளிய அனுப்புக்கா."

"ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, என்னடா ஆச்சு உனக்கு? நீ சொன்ன மாதிரி மாசாமாசம் பெட்டியோட கண்ணாடி மூடி வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோடெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு."

அதுதான் அவர் நெஞ்சில் குத்தியது. ஆறு வருஷமாக அக்கா அந்தக் கோட்டை நம்பியிருக்கிறாள்.

பெண்கள் இறங்கிப் போனதும் சுவிட்சுகளை அணைத்தார். வெயிலை அணைக்க முடியாதே. அது அடிக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அக்கா தடித்த கறுப்புத் திரைத்துணியைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு வர, இருவருமாகப் பேனல்களை மூடினார்கள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். முதல் ஸ்க்ரூ அரைச் சுற்று சுற்றியது. ஆறு வருஷத்துக் கோடு முறிந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்தாவதில் ஒயரை வெளியே இழுத்தால், அதன் அடிப்பக்கம் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது.

"வெயில்ல தானா லூசாகியிருக்கும்டா," என்றாள் அக்கா. தம்பி தலைகுனியக்கூடாதென்று அவளே ஒரு வழி விட்டாள்.

அதில் நுழைந்து தப்பியிருக்கலாம். "இல்லக்கா. நான் இறுக்கவே இல்ல. கோடு மட்டும்தான் போட்டேன்."

அக்கா குனிந்து அந்தக் கருகலை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை போலிருந்தது.

"அன்னைக்கு மட்டும்தானா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை மாடிகள், எத்தனை அவசரங்கள்.

"தெரியலக்கா."

கருகினதை மாற்றும்வரை கூடம் திறக்காது என்று அக்கா கீழே குரல் கொடுத்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி எடுத்துக்கொண்டாள்.

"இதை முடிச்சிட்டு, நீ வேலை செஞ்ச வீடெல்லாம் எழுது. ஒண்ணு விடாம நானும் வரேன். நீ இறுக்கு. நான் திருகிப் பார்த்துட்டு கோடு போடறேன்."