புரொப்பல்லர் பார்த்த ஊர்கள்

“பிராக் ஏர்போர்ட்ல பையத் திறந்து பாத்துட்டு, என்ன சார் இது, வெண்கலப் பூவான்னு கேட்டான் அக்கா.”

“அக்காவுக்கு வைக்கிற மலர்வளையம்னு சொல்லியிருக்கலாமே. அந்த ஸ்பேனர எடு.”

என் தம்பி யெரூன் கருவிப்பெட்டியை அருங்காட்சியகப் பொருளைப் போல எட்டிப் பார்த்தான். நானே எழுந்து எடுத்துக்கொண்டேன். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த எங்கள் பாய்மரப் படகின் பின்புறத்தில் குந்தி, அவன் கொண்டுவந்த புரொப்பல்லரைத் தண்டில் பொருத்திக்கொண்டிருந்தேன்.

படகு எங்கள் இருவருக்கும் பொது. ஜூன் முடியும்வரை என் முறை, ஜூலை பிறந்தால் அவனுடையது. அப்பா இருந்தவரை அவர்தான் சுக்கான் பிடித்தார், பிறகு யெரூன். நான் கயிறு இழுத்தேன், சூப் வைத்தேன். இந்த வருடம் படகு நிற்கும் இந்த லெரோஸ் தீவிலிருந்து கிரீட் வரை நான் மட்டும் தனியாக ஓட்டிப் போவதாக இருந்தேன்.

அதற்குப் புரொப்பல்லர் வேண்டும். அதுவோ ஆறு வாரமாக என் தம்பியின் சட்டைகளுக்கு நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நெதர்லாந்தில், உத்ரெக்டில் பழுது பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவன் நேரே வந்திருக்கலாம். வழியில்தானே என்று பிராக் போனான். பிராக்கிலிருந்து வியன்னா, அங்கிருந்து புடாபெஸ்ட். நான் முகமூடி கட்டிக்கொண்டு அடிப்பாகத்துச் சிப்பிகளைச் சுரண்டி, தலைமுடி வரை நீலச் சாயத்தூளோடு நின்றபோது, வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு முங்கிய படம் ஒன்றை அனுப்பினான். ‘படகு வேலைக்கு உடம்பைத் தயார் செய்கிறேன்’ என்று கீழே எழுதியிருந்தான். கோடையில் துறைமுக மதுக்கடையில் உட்கார்ந்து, “வசந்தம் முழுக்க ரெண்டு பேருமா உழைச்சோம்” என்று சொல்லப்போகிறவனும் இவன்தான்.

“இப்ப என்ன அவசரம்? நாளைக்குப் போடலாமே” என்றான்.

“படக தண்ணியில இறக்கற கிரேன் மத்தியானத்தோட நிக்குது.”

“ஏன்?”

“ஈஸ்டர்.”

“ஈஸ்டர் எப்பவோ முடிஞ்சுது அக்கா. வியன்னாவுல முட்டையெல்லாம் சாப்பிட்டேன்.”

“இங்க வர்ற ஞாயித்துக்கிழமைதான். எட்டு வருஷமா வந்துட்டிருக்க, கிரேக்கருங்களுக்கு ஈஸ்டர் வேறன்னு தெரியாதா?”

“இவங்களுக்கு மட்டும் இயேசு லேட்டாவா எழுந்திருக்காரு?”

“அவராவது மூணாம் நாள் எழுந்தாரு. உனக்கு ஆறு வாரம் ஆச்சு.”

அவன் சிரித்தான். எதற்கும் சிரிப்பான், அதுதான் அவனிடம் உள்ள ஒரே திறமை. ஈஸ்டருக்குப் பிறகு கிரேனுக்கு வரிசை; ஜூன் கடைசிவரை வேறு படகுகள் இடம் பிடித்துவிட்டன என்று சொன்னேன். என் முறை முழுவதும் இந்தச் சரளைக்கல் மேட்டிலேயே கழியும் என்றும் சொன்னேன்.

“அப்ப ஜூலையில என்கூட வாயேன். சூப் நீ வச்சா தனி ருசி.”

மறையை இறுக்கி, பூட்டுத்தகட்டை மடக்கிவிட்டு எழுந்தேன். மேட்டின் மறுமுனையில் கிரேன்காரர் ஸ்த்ராதிஸ் படகைத் தூக்கும் வார்ப்பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நான் பேசறேன், விடு” என்று யெரூன் முந்திக்கொண்டு ஓடினான். பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து ஸ்த்ராதிஸின் மூக்குக்கு நேரே திறந்தான். வியன்னா சாக்லேட் கேக்.

நாற்பது நாளாக வெண்ணெயும் முட்டையும் தொடாத மனிதர் அந்தப் பெட்டியையும் என் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு துண்டு எடுங்க அண்ணே, வெக்கப்படாதீங்க.”

“நோன்பு தம்பி” என்றார் ஸ்த்ராதிஸ், மரியாதையாகவே. பிறகு வாரைச் சுருட்டுவதைத் தொடர்ந்தார். அவருடைய வீட்டில் இன்று ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போடும் நாள். மனைவி தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தாள்.

“எவ்வளவு பக்தி பாத்தியா” என்று யெரூன் என்னிடம் திரும்பி, தானே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன். கையெல்லாம் கிரீஸ். ஸ்த்ராதிஸ் சுருட்டிய கடைசி வாரையும் சுவர்க் கொக்கியில் மாட்டிவைக்கப் போனார்.

“ஸ்த்ராதிஸ் அண்ணே,” என்றேன், “புரொப்பல்லர் போட்டாச்சு. பெயிண்ட் நேத்தே காஞ்சிடுச்சு. இவன் வர மாட்டான், நான் மட்டுந்தான் போறேன். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு படக மட்டும் தண்ணியில இறக்கிக் குடுங்க.”