கம்பீரமான ஒரு வார்த்தை

செஞ்சியில் மொட்டைப் பெட்டிஷன் எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. 1964-ல் நிலைமை அப்படி. கெட்டவன் என்று தமிழில் எழுதினால் எந்த அதிகாரி மதிக்கிறான்? கரப்ட், டிப்ரேவ்ட், டிஜெனரேட் என்று வரிசையாக டைப் அடித்தால்தான் ஃபைல் நகரும். ஒருநாள் கோர்ட்டுச் செய்தி ஒன்றில் 'மாரல் டர்பிட்யூட்' என்று பார்த்தேன். அடேயப்பா, என்ன கம்பீரம்! அர்த்தம் யாருக்கு வேண்டும்? அகராதியை நான் திறப்பதே ஸ்பெல்லிங் பார்க்கத்தான்.

வல்லத்து விவசாயி ஒருவர் கொதித்துப்போய் வந்தார். ஏதோ ஆபீசில் கலியபெருமாள் என்ற பியூன், ஒரு படி மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கிக்கொண்டுதான் அவரை உள்ளே விட்டானாம். ஒரு படி மல்லாட்டைக்கு எந்த வார்த்தை தகும் என்று நான் யோசிக்கவில்லை. கைவசம் இருந்ததையெல்லாம் அடித்துக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து ரஞ்சிதம் என்ற பெண் ஒரு சர்க்கார் காகிதத்தோடு வந்தாள். கலியபெருமாளின் மனைவியாம். அவனுக்கு வேலை போய்விட்டது, வாயே திறக்காமல் படுத்துக் கிடக்கிறான், காரணம் என்னவென்று படித்துச் சொல்லுங்கள் என்றாள். படித்தேன். மூன்றாவது வரியில் என் வார்த்தைகள், நான் அடித்த அதே வரிசையில்! படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"இந்த எடத்துல நின்னுட்டீங்களே. அது இன்னா?" என்றாள்.

அப்போதுதான் 'மாரல் டர்பிட்யூட்'டுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்தேன். பாவி நான், வாய்விட்டே படித்துத் தொலைத்தேன்: மனுஷர் வெட்கப்படத்தக்க கேவலமான நடத்தை.

அவள் அழவில்லை. "பத்தொம்பது வருசமா கூட இருக்கறேன். எனக்கே தெரியாம போச்சே" என்றாள்.

பதறிப்போனேன். அவர் வாங்கியது ஒரு படி மல்லாட்டைதான், மீதியெல்லாம் நான் எழுதியது என்று சொன்னேன். என்னிடமிருந்த கார்பன் காப்பியை எடுத்து நீட்டினேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே!

"என் மனசு தேறணும்னு சொல்றீங்க, ஐயா. சர்க்கார் சீலு வெச்சி எழுதியிருக்குது, பொய்யா இருக்குமா?"

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அனந்தபுரத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள். அங்கே அவள் அம்மா வீடு இருக்கிறதாம்.

"வயசுக்கு வந்த பொண்ண வெச்சிக்கினு அந்தாளு கூட ஒரே வூட்ல எப்டி இருக்கறது?"