‘ப’ வரும்வரை

பிரகலாதனுக்குத் தன் பெயரைச் சொல்ல வராது. திக்குவாய். எல்லா எழுத்திலும் இல்லை; சொல்லின் முதலில் ‘ப’ வந்தால் மட்டும் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். மற்றச் சொற்களுக்குச் சின்ன வயதிலேயே அவன் மாற்று வழி கண்டுபிடித்துவிட்டான். பயம் வராவிட்டால் அச்சம். படகு வராவிட்டால் வள்ளம். பாண் வாங்கப் பேக்கரிக் கடைக்குப் போய், கேட்க ஏலாமல் ரொட்டியோடு திரும்பிய நாட்களும் உண்டு. பெயருக்குத்தான் மாற்றுச் சொல் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவன் கிளாக்கர். சரக்குப் பத்திரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். வாய்க்கு வேலை குறைவு என்பதாலேயே அந்த உத்தியோகத்தை விடாமல் பிடித்திருந்தான். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று தேடித் தேடி அவனுக்குள் சொற்கள் மலிந்து கிடந்தன. அவற்றை வைத்துக் கதை எழுதுவான். சில கதைகள் பேப்பரிலும் வந்திருந்தன.

வார இறுதி வகுப்பாக ஆக்க எழுத்தில் முதுகலைமாணி படிக்கலாம் என்ற விளம்பரத்தைக் கண்டவள் அவன் மனைவி சிவாஜினி.

“விண்ணப்பம் போடுங்கோ. அங்க போய் எழுதத்தானே வேணும், மேடை ஏறவா போறியள்?” என்றாள்.

முப்பத்தொன்பது வயதில் அவன் மறுபடியும் மாணவனானான். கூடப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசிரியர்கள். விரிவுரையாளர் தங்கரத்தினம் முதல் நாளே ஒரு விதி சொன்னார்: ஒருவருடைய கதையைப் பற்றி மற்றவர்கள் கதைக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கதையை வாசிப்பதும் வேறொருவர்தான். மற்றவர்கள் முகம் சுருங்கியது. பிரகலாதனுக்கோ தனக்கென்றே செய்த விதிபோல இருந்தது.

அவன் கதைகளை வாசிக்க வாய்த்தவர் பல்கீஸ், மூதூரில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர். கணீரென்ற குரல். தான் எழுதிய வசனம் அப்படி ஓட்டமாக ஓடுவதை அவன் அதுவரை கேட்டதில்லை. மேசையைப் பார்த்தபடி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒருநாள் புயலில் அகப்பட்ட மீன்பிடிகாரன் ஒருவனின் கதையை வாசித்துக்கொண்டு போன பல்கீஸ் இடையில் நிறுத்தினார்.

“சேர், ஒண்டு செல்லட்டா? இந்தக் கதையில ‘ப’வில தொடங்குற சொல் ஒண்டுமே இல்ல. முந்தின கதையிலயும் இரிக்கல்ல.”

தங்கரத்தினம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “ஓம்… ‘அச்சமுற்றான்’ எண்டிருக்கு. நடுக்கடலில நிக்கிறவன் ஏன் பயப்படேல்லை, பிரகலாதன்? அச்சம் நல்ல சொல்தான். ஆனா அது அவன்ர சொல் இல்லை.”

அவனுக்குக் காது சுட்டது. வேண்டுமென்று அப்படி எழுதவில்லை; அப்படி எழுதுவது அவனுக்கே தெரியாது. வாயில் இருந்த பயம் எப்போதோ கைக்கும் இறங்கியிருக்கிறது. பெருமூச்சோடு பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினான். மேலே ‘பயந்தான்’ என்று எழுதினான். எழுதும்போது உதடு தானாக ஒருமுறை இறுகித் திறந்தது.

இரண்டாம் வருடத்தில்தான் இடி விழுந்தது. படிப்பை முடிக்க வேண்டுமானால் பாடசாலை ஒன்றில் ஒரு தவணைக் காலம் எழுத்து வகுப்பு நடத்த வேண்டும். கடைசிப் பாடத்தை விரிவுரையாளர் நேரில் வந்து பார்ப்பார். ஆசிரியர்களுக்கு அது தினம் செய்யும் வேலை. பிரகலாதன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தான்.

“இதோட நிப்பாட்டுறன்” என்றான்.

சிவாஜினி மன்றாடவில்லை. “நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. ஆனா பல்கீஸ் டீச்சருக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் உங்கட போன் எல்லாம் நான்தான் கதைச்சனான். இதைக் கதைக்க மாட்டன்.”

போன் என்றால் அவனுக்கு இன்னும் மோசம். முகம் தெரியாது, கை காட்ட ஏலாது. “ப… ப…” என்று அவன் திணறியபோது மறுமுனையில் பல்கீஸ் “ஹலோ, ஹலோ” என்று அந்தரப்படவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அவன் முழுதும் சொல்லி முடிக்கும்வரை இருந்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“சரி. இப்ப நான் செல்றதக் கேளுங்க. என்ட ஒன்பதாம் வகுப்புக்கு வாங்க. நீங்க நல்லாக் கதைப்பீங்க எண்டு கூப்பிடல்ல. அதுகளுக்கு என்ட குரல் அலுத்துப் போச்சு.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்த வாயோடு ஓம் என்றும் சொல்லிவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் அவன் கையில் ஒரு பாடக் குறிப்பு இருந்தது. ‘ப’வில் தொடங்கும் ஒரு சொல்கூட இல்லாமல், வழக்கறிஞர் பத்திரம் எழுதுவது போலப் பார்த்துப் பார்த்து எழுதியது. வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து ஸலாம் சொன்னார்கள். பல்கீஸ் பின்வரிசை வாங்கில் போய் இருந்தார். முன்வரிசையில் நஸ்லியா என்றொரு பிள்ளை, குறிப்பில் இல்லாத கேள்வியை முதலாவதாகக் கேட்டாள்.

“சேர், உங்கட பேர் என்ன?”

உதடு ஒட்டிக்கொண்டது. “ப்… ப்…”

பிள்ளைகளுக்கு இது ஏதோ விளையாட்டு என்று பட்டிருக்க வேண்டும். “பஷீரா சேர்?” என்றது ஒரு குரல். “பாறூக்!” “பதுருதீன்!” வகுப்பே கலகலத்தது. பல்கீஸ் கோபமாக எழும்பினார். பிரகலாதன் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னான். கரும்பலகைக்குத் திரும்பி எழுதிவிட்டிருக்கலாம். ஏனோ எழுதவில்லை. நின்றான். சத்தம் மெல்ல அடங்கியது.

“ப்… பிரகலாதன்.”

நஸ்லியா கண்ணை விரித்தாள். “அவ்வளவு பெரிய பேரா சேர்? அதான் வெளிய வரச் சுணங்கியிருக்கு!”

அதில் பரிகாசம் இல்லை. உண்மையிலேயே காரணம் கண்டுபிடித்த சந்தோஷம். பிரகலாதன் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எழுதாத பாடம் ஒன்று வாயில் வந்தது.

“எனக்குச் சில சொல் வராது. அது வராட்டி வேற சொல் தேடுவன். இண்டைக்கு நீங்களும் தேடுங்கோ. கடலைக் குறித்து எழுத வேணும். ‘கடல்’ எண்டு எழுதக் கூடாது. அலை, தண்ணி, உப்பு ஒண்டும் கூடாது.”

“அப்ப என்னத்த சேர் எழுதுற?” என்று இரண்டு மூன்று பேர் முறையிட்டார்கள். பிறகு எல்லாத் தலையும் குனிந்தன. நஸ்லியா எழுதியதை வாசித்தாள்: “உம்மா கதவைத் திறந்தவுடன் முதலில் பார்க்கும் இடம். வாப்பா வீட்டுக்கு வரும்வரை உம்மா அதற்கு முதுகு காட்ட மாட்டா.”

பிரகலாதன் அவளை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னான்.

எல்லா வியாழனும் அப்படிப் போகவில்லை. இடையில் ஒருநாள் பாடம் முடிந்து குடையை மறந்து திரும்பி வந்தவன், வகுப்பு வாசலில் தன் குரலைக் கேட்டான். இஹ்ஸான் என்ற பெடியன் மேசைக்கு முன்னால் நின்று, கழுத்தை வெட்டி வெட்டி, “ச… ச… சொல்லுங்கோ” என்று அவனைப்போல நடித்துக்கொண்டிருந்தான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிரகலாதன் குடையை எடுக்காமலே போய்விட்டான். மழையில் நனைந்து வந்தவனைப் பார்த்த சிவாஜினி துவாயை நீட்டினாள்.

யாரோ சொல்லிப் பல்கீஸுக்குத் தெரிந்துவிட்டது. “வாப்பாவக் கூட்டிவரச் செல்லியிரிக்கன்” என்றார் போனில்.

“வேண்டாம் டீச்சர். அந்த அலுவலை என்னட்டை விடுங்கோ.”

விடச் சொன்னானே தவிர, என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் இஹ்ஸான் தலை நிமிராமல் இருந்தான். பிரகலாதன் அவனை முன்னுக்குக் கூப்பிட்டான்.

“அண்டைக்குச் செய்ததை இன்னொருக்கால் செய்.”

பெடியனுக்கு அழுகை வந்துவிட்டது. “சொறி சேர்.”

“ஏச வரேல்லை. நீ செய்ததில ஒரு தவறு இருக்கு. எனக்குச் ‘ச’ சிக்காது.” கரும்பலகையில் பெரிதாக ‘ப’ என்று எழுதினான். “இதுதான் சிக்கும். கழுத்தும் ஆடாது, உதடுதான் இறுகும். ஒருத்தரைப்போல செய்யிறதெண்டால் முதல்ல அவரை ஒழுங்காக் கேட்க வேணும். எழுதுறதும் அப்பிடித்தான்.”

இஹ்ஸான் அவன் வாயையே பார்த்தான். கேலி செய்த கண் இல்லை அது. கவனித்துப் படிக்கிற கண்.

அன்றைய வேலை: வீட்டில் ஒருவர் கதைப்பதை அப்படியே கேட்டு எழுதி வருவது. அடுத்த கிழமை வந்த தாள்களில் மூதூர் வீடுகள் அத்தனையும் கதைத்தன. மருந்து குடிக்க மறுக்கும் மூத்தம்மா, மாட்டோடு சண்டை பிடிக்கும் மாமா, சவூதியில் இருந்து போனில் அழாமல் அழும் தாய். இஹ்ஸானின் தாள் ஆகப் பெரியது. மீன் விற்கும் தன் வாப்பா வாடிக்கைக்காரரோடு ஒரு குரலிலும் கடன்காரரோடு இன்னொரு குரலிலும் கதைப்பதை எழுதியிருந்தான். வகுப்பு சிரித்தது, கடைசி வரியில் சிரிப்பு நின்றுபோனது. பிரகலாதன் அதைப் பஸ்ஸில் இருந்தபடி மறுபடியும் வாசித்தான்.

கடைசிப் பாடத்துக்குத் தங்கரத்தினம் வந்து பின்வரிசை வாங்கில் பல்கீஸுக்குப் பக்கத்தில் இருந்தார். பாடம் நன்றாகவே போனது. முடிக்கும்போது அவன் சொல்ல நினைத்தது, “நன்றி, பிள்ளைகள்” என்பதைத்தான். நாக்கு நுனியில் ‘மாணவர்களே’ ஆயத்தமாக நின்றது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் அவர்கள் அவனுக்கு மாணவர்கள் இல்லையே.

“நன்றி, ப்… ப்…”

உதடு இறுகியது. ஒருவரும் சிரிக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. கதிரை உரசும் சத்தம்கூட இல்லை. முப்பது முகமும் அவனை நோக்கியபடி, அவசரமில்லாமல், பஸ் வரும் என்று தெரிந்தவர்கள் நிற்பதுபோலக் காத்திருந்தன. பாடசாலைக் காலத்தில் ஆசிரியர்கள் அவனைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போயிருக்கிறார்கள். அலுவலகத்தில் அவன் வசனத்தை மற்றவர்கள் முடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அறை முழுவதும் தனக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தான். அந்த மௌனத்தில் கொஞ்சம் நின்றுகொள்ளலாம்போலக்கூட இருந்தது.

“பிள்ளைகள்” என்றான்.

வெளியில் தங்கரத்தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “சரியான சொல்” என்றார். பல்கீஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, தூசு என்றார்.

திக்கு மாறவில்லை. இப்போதும் கடையில் நின்று திணறுகிறான். ஆனால் பாண்தான் வேண்டுமென்றால் பாண் வாங்கிக்கொண்டுதான் வருகிறான். அலுவலகத்தில் வியாழன் காலைகளை விட்டுக் கொடுத்ததால் தவணை முடிந்தும் மூதூருக்குப் போய்வருகிறான்.

ஆய்வேட்டை அட்டை கட்டக் கொடுக்கும் முன், நன்றியுரைப் பக்கத்தைச் சிவாஜினி வாசித்தாள். தங்கரத்தினம் இருந்தார். பல்கீஸ் இருந்தார். நஸ்லியா, இஹ்ஸான் என்று வகுப்பு முழுவதும் பெயர் பெயராக இருந்தது.

“என்னைக் காணேல்லை?” என்றாள்.

“உமக்கு எழுதினது நாலு தாளுக்கு மேல நீண்டிட்டுது. வெட்ட மனம் வரேல்லை. அதால எடுத்திட்டன்.”

அவள் குசினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“அப்ப வாயால சொல்லுங்கோ. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”

அவன் சொல்லத் தொடங்கினான்.