கூடவே ஓடிய விளக்குகள்

கல்லூரியில் எல்லோரும் அவனைச் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு கட்டடங்களின் சாவியும் இடுப்பில் தொங்கும். ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். பனி கொட்டும் அந்த ஊரில் குளிர்கால விடுமுறை தொடங்கும் நாளில் ஒவ்வொரு கட்டடமாக ஏறி, அறை அறையாகப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று உறுதியான பிறகு ஹீட்டரை நிறுத்திப் பூட்டுவதுதான் அவன் வேலை. ஆனால் ஏழு கட்டடம், ஒவ்வொன்றும் மூன்று மாடி. யார் ஏறுவது?

அதற்கு அவனும் அவனுக்கு முன்பு இருந்தவர்களும் கண்டுபிடித்த வழி, சைக்கிள். அங்கே எல்லா அறையிலும் ஆள் அசைந்தால் தானே எரிகிற விளக்கு. அசைவு நின்றால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். அப்படியானால் சாயங்காலம் கட்டடத்தைச் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் போதாதா? ஜன்னலெல்லாம் இருட்டாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை. பூட்டு, கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ. சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். இதற்கு 'சைக்கிள் ரவுண்டு' என்று பெயர்.

நேற்றும் அப்படித்தான் ஏழையும் சுற்றிவிட்டுப் பூட்டினான். இன்று காலை எட்டு மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அம்மா உங்ககூட இருக்காங்களா?"

"இல்லையேம்மா. நேத்து வேலை முடிஞ்சதும் பஸ் ஏறி உங்க வீட்டுக்கு வர்றதாத்தானே சொன்னா?"

"வரல மாமா. பனி அதிகமா இருக்கு, காலைல கிளம்பி வருவாங்கன்னு நினைச்சுட்டேன். இப்ப கூப்பிட்டா ரிங்கே போகல."

அக்காவும் அதே கல்லூரியில்தான் துப்புரவு வேலை. கணவன் போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவள். இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். பக்கத்துத் தெருவில் இருந்த அவள் வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. வாசல் பனியில் ஒரு காலடிகூட இல்லை. நேற்று அவள் வீட்டுக்கே வரவில்லை.

அசையாமல் கிடக்கிற ஆளுக்கு விளக்கு எரியாதே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். விடிந்தும் விடியாத மாதிரி வானம் மூடிக் கிடந்தது. கல்லூரிக்குள் ஈ காக்கை இல்லை. பனியில் சக்கரம் வழுக்கி இரண்டு முறை விழுந்து எழுந்தான். நேற்று அக்காவுக்கு எந்தக் கட்டடம் என்று கேட்டு வைத்துக்கொள்கிற தம்பியா அவன்? முதல் கட்டடத்தைத் திறந்து மாடி மாடியாகக் கத்தினான். இரண்டாவதிலும் கத்தினான். ஹீட்டர் நின்ற கட்டடம் ஒரே ராத்திரியில் ஐஸ் பெட்டி ஆகிவிடும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? மூன்றாவதிலிருந்து வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தான்.

நான்காவது, ஆய்வுக்கூடக் கட்டடம். அதன் ஓரமாக வரும்போது இரண்டாம் மாடி மூலையில் ஒரு ஜன்னல் பளிச்சென்று எரிந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. "அக்கா!" என்று கத்தினான்.

அடுத்த ஜன்னல் எரிந்தது. அதற்கடுத்ததும். மிதித்தான். அவன் போகிற வேகத்துக்கு விளக்குகளும் மேலே ஓடி வந்தன. பிரேக் போட்டான், அவையும் நின்றன. உள்ளே யாராவது நடந்தால் தலையாவது தோளாவது தெரிய வேண்டுமே? ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மிதித்தான். மறுபடி ஓடின.

திரும்பிப் பார்த்தான். பின்னால், கால் மணி நேரம் எரிய வேண்டிய விளக்குகள் அத்தனையும் அணைந்திருந்தன. ஒரே ஒரு ஜன்னல்தான் எரிந்தது, அவன் தலைக்கு நேர் மேலே.

வேறு எதற்காக வந்திருந்தாலும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடியே போயிருப்பான். அவன் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. ஆனாலும் போனான். வெளிச்சம் மூலை திரும்பியது, அவனும் திரும்பினான். பின்பக்கத்துக் கடைசி ஜன்னலுக்கு வந்ததும் அது நின்றது. அதன்பிறகு அசையவில்லை.

கதவைத் திறந்து இரண்டிரண்டு படியாக ஏறினான். நேற்று மெழுகு போட்டுத் துடைத்த தரை கண்ணாடியாகப் பளபளத்தது. நீளமான அந்த நடைவழியில் ஒரு சுவடு இல்லை. அவனுடைய ஈரக் காலடிகள் மட்டும்தான் பின்னால் வந்துகொண்டிருந்தன.

கடைசி அறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஏணிக்கு அடியில் கிடந்தாள் அக்கா. திரைச்சீலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்தாள். விளக்கின் கண்ணுக்கு எட்டாத மூலை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கருகே கை வைத்தான். மூச்சு இருந்தது.

கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஏணியைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"அக்கா, என்னைப் பாருக்கா."

கண் திறந்தாள். "கால் உடைஞ்சிருச்சுடா. மேல கம்பியில திரை மாட்டினேன், ஏணி சறுக்கிருச்சு. போனும் விழுந்து நொறுங்கிருச்சு. சாயங்காலம் நீ கீழ கதவைப் பூட்டுறது கேட்டுச்சு. கத்தினேன், சத்தமே வரல."

"நான் மேல வரலக்கா. வந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். பாவி நான்."

அக்கா அவனைப் புரியாமல் பார்த்தாள்.

"என்னடா உளர்ற? அப்புறம் வந்தியே. இந்தத் திரையெல்லாம் எடுத்துப் போர்த்திவிட்டியே. ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து, தூங்கிடாதக்கா, தூங்கிடாதக்கான்னு பேசிக்கிட்டே இருந்தியே."

"நானா?"

"உன் குரல்தான். எனக்குத் தெரியாதா உன் குரல்? கொஞ்ச நேரம் முன்னாடிதான் எழுந்து போன. 'இரு அக்கா, அவன் கீழ வந்துட்டான், போய்க் கூட்டிட்டு வரேன்'னு சொன்ன." அவள் கை அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தது. "எவனைடா கூட்டிட்டு வரப் போன?"