சேர்மனுக்குக் கசோலியை அறிமுகம் செய்த ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருடியது. உகாண்டாவில், கம்பாலாவை ஒட்டிய கிரா என்ற ஊரில், செப்போவா வீட்டின் பின்கட்டு அறையில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் பேசினால் எனக்கு ரேடியோ தேவையில்லை. ஒரு நாள் காலை நபுலிமே செப்போவாவிடம் சொன்னது இது:

"நானூறு ஜோடியைச் சேர்த்து வெச்சேன்னு மார் தட்டுறீங்களே பேச்சாளரே, ஒரு நாயையும் பூனையையும் சேர்த்து வைக்க முடியலையா?"

பேனாவை எடுத்தேன். முதல் ஆரம்பம்: "விக்டோரியா ஏரியிலிருந்து எழுந்த காற்று, காலத்தின் தோள்மீது..." (வேண்டாம். அந்தக் காற்றுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.)

இரண்டாவது: "அன்பு என்பது ஒரு கூண்டு. அதனுள்ளே..." (இதை எழுதியவனைச் சேர்மனிடம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.)

மூன்றாவது, வெறும் தகவல்: சேர்மன், செப்போவாவின் நாய். (வார்டு சேர்மன் இந்தப் பெயருக்கு இரண்டு முறை ஆட்சேபம் தெரிவித்தார். நாய் தெரிவிக்கவில்லை.) போன வருஷம் அது பக்கத்து வீட்டுப் பூனையைக் கழுத்தில் கவ்வி இரண்டு உதறு உதறியது. மூன்றாவது உதறல் தேவைப்படவில்லை.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

செப்போவாவுக்கு அறுபத்தாறு வயது. மனைவியை இழந்தவர். தொழில், குவஞ்சுலாப்* பேச்சாளர். உப்பை எடு என்பதற்கு முன்னால் மூன்று பழமொழி சொல்வார். உப்பு வருவதற்குள் சோறு ஆறிவிடும்.

(* மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டில் அறிமுகம் செய்யும் சடங்கு. வந்தவர்களை வாசலில் நிறுத்தி, "யாரு நீங்க, வழி தவறி வந்துட்டீங்களா?" என்று கேட்க ஒரு வாடகைப் பேச்சாளர். வழி தவறவில்லை என்று இரண்டு மணி நேரம் நிரூபிக்க இன்னொருவர்.)

நபுலிமே மசாக்காவில் பிரசவ நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விதவை. ஜூலையில் செப்போவாவுக்குத் துணையாக இந்த வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு பெட்டி, ஒரு தையல் மிஷின், சோளக்கதிர் நிறத்தில் கசோலி என்ற பூனை. வந்த அன்றே சொல்லிவிட்டார்:

"ஒரு மாசம் பார்ப்பேன். கசோலி இந்த வீட்டுத் தரையில பயப்படாம நடக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் மசாக்கா பஸ் ஏறிடுவோம்."

கசோலி நேராகப் படுக்கையறை அலமாரியின் உச்சிக்குப் போனது. இருபத்தொன்பது நாள் இறங்கவில்லை. கருவாடு மேலே போகும், அது கழித்த மண்தட்டு கீழே வரும். கதவுக்கு வெளியே சேர்மன் படுத்து, அடி இடைவெளியில் மூக்கை வைத்து, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். செப்போவா தினமும் "சரியாயிடும்" என்பார், பழமொழியோடு.

இங்கே எனக்கு நபுலிமேமேல் சந்தேகம் வந்தது. பூனைக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? நீங்களும் கேட்பீர்கள். ஆகவே காரணம் தயாரித்தேன்: "சேர்மன், மறைந்த முதல் மனைவி வளர்த்த நாய். அதன் கண்களில் அவள் இன்னும்..." கர்வத்தோடு நபுலிமேயிடமே படித்துக் காட்டினேன்.

"உளறாத தம்பி. அந்தம்மாவுக்கு நாயைத் தொட்டாலே தும்மல் வருமாம்." தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிரவில்லை. "ஒரு ஜீவன் பயந்துபோய் அலமாரி மேல உக்காந்திருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே சரியாயிடும் சரியாயிடும்னு சொல்ற ஒரு மனுஷனோட நான் ஏற்கெனவே முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. இன்னொரு தடவை முடியாது."

அந்த முழுப் பத்தியையும் அடித்தேன்.

3

முப்பதாம் நாள், ஞாயிறு மதியம், செப்போவா தன் தொழில்முறைத் தீர்வை அறிவித்தார். நீளமான வெள்ளை அங்கி, மேலே கோட்டு. நபுலிமேயும் விசேஷத்துக்கான நீளப் பட்டு உடையான கோமெசியை உடுத்த வேண்டும் என்று உத்தரவு.

"தம்பி, நீ மாப்பிள்ளை வீடு."

"யாரு மாப்பிள்ளை?"

"கசோலி."

"அது பொட்டைங்க ஐயா."

"சடங்குல குறுக்கே பேசாதே."

கூடத்துக்கும் நடைக்கும் நடுவே இரும்புக் கம்பிக் கதவு. கூடத்துப் பக்கம் சேர்மன். சங்கிலியைப் பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் கட்டி, அதன்மேல் பெண் வீட்டுப் பேச்சாளராகச் செப்போவா. நடைப் பக்கம் நான், நபுலிமே, அவர் மடியில் மூடிய கூடை. கூடை நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அப்பால் சேர்மனின் முதுகு மயிர் நின்றுகொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ மிஷின் ஓடுவதுபோல ஓர் உறுமல்.

"வாசல்ல நிக்கிற மீசைக்காரர் யாரு? என்ன குலம்?" என்றார் செப்போவா.

"சிறுத்தைக் குலம்னு சொல்லு" என்று நபுலிமே என் காதில்.

"சிறுத்தைக் குலம் ஐயா."

"சிறுத்தைக் குலத்துக்காரங்க கூடையிலயா வருவாங்க?"

"பெட்ரோல் விலை அப்படிங்க ஐயா."

இதன்பின் அவர் நாற்பது நிமிடம் பேசினார். அதை இங்கே தரமாட்டேன், உங்களுக்கும் வேலை இருக்கும். நடந்ததை மட்டும் சொல்கிறேன். பத்தாவது நிமிடத்தில் உறுமல் நின்றது. இருபதில் முதுகு மயிர் படிந்தது. முப்பதில் சேர்மன் முன்னங்கால்மேல் தாடையை வைத்துக் கொட்டாவி விட்டது. நபுலிமே கூடை மூடியை ஒரு விரல் அகலம் திறந்தார். முப்பத்தைந்தில் ஒரு மஞ்சள் கால். பிறகு இன்னொன்று. முப்பது நாளில் முதல் தடவையாகக் கசோலியின் நான்கு பாதங்களும் தரையில்.

நபுலிமே என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலித்தது.

"போதும்" என்றார், உதடு அசையாமல். "இத்தோட நிறுத்துங்க. இன்னிக்கு இது போதும்."

(வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் கேட்பவர் எழுந்து போக முடியாத சபை ஒரு பேச்சாளருக்கு எத்தனை முறை வாய்க்கும்? அதுவும் ஒருவர் சங்கிலியில்.)

"மச்சானுக்குச் சேவல்!" என்றார் செப்போவா, பெண்ணின் அண்ணன் வேஷத்தையும் தானே எடுத்துக்கொண்டு. "சேவல் கொடுக்காத அறிமுகம் செல்லாது."

"வேணாம்."

"வழக்கம், நபுலிமே."

4

ஒப்புக்கொள்கிறேன்: காலையிலேயே சேவலின் காலை வாழை நாரால் கட்டி நடையில் வைத்திருந்தவன் நான். இந்தக் கதையில் நான் உடலை வருத்திச் செய்த ஒரே வேலை அது. அதுவும் சரியில்லை.

சேவலை நீட்டுவதற்காகக் கம்பிக் கதவைத் திறந்தேன். முடிச்சு அவிழ்ந்தது. சேவல் கூடத்துக்குள் பறந்தது. மஞ்சளாக ஏதோ என் கால்களுக்கிடையே போனது. மரியாதையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று செப்போவா எழுந்து நின்றார்.

அவர் எடைதான் அந்த நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தது.

சேவல், பின்னால் பூனை, அதன் பின்னால் நாய், கடைசியாகத் தடதடவென்று நாற்காலி. எல்லாம் ஸ்டோர் ரூமுக்குள். நாற்காலி மாட்டி இழுத்ததில் கதவு அறைந்து மூடிக்கொண்டது. உள்ளே ஜெர்ரிகேன்கள் சரிந்தன. ஓர் அலறல். எந்த மிருகத்துடையது என்று சொல்ல முடியாத அலறல்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. சேவலுடையதுகூட.

(முதல் வரைவில் இந்த ஸ்டோர் ரூமைக் காலஞ்சென்ற மனைவியின் அறையாக்கி வைத்திருந்தேன். மடோக்கே என்ற சமையல் வாழைத் தாரும் அடுப்புக் கரியும் கிடக்கும் அறைதான் அது.)

செப்போவா கதவருகே போனார். நானூறு வாசல்களை வாயாலேயே திறந்தவர், வாய் திறக்கவில்லை. வெள்ளை அங்கியோடு சிமென்ட் தரையில் குப்புறப் படுத்து, கதவின் அடி இடைவெளியில் கன்னத்தைப் பதித்தார்.

"என்ன தெரியுது?" என்றார் நபுலிமே.

"நாலு கால்."

"யாரோடது?"

நான் ஒரு பழமொழிக்குத் தயாரானேன். வரவில்லை.

"பயமா இருக்கு, நபுலிமே" என்றார்.

நபுலிமே அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோமெசியின் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, முழங்கால் சொடுக்க, தரையில் இறங்கினார்.

"தள்ளிப் படுங்க" என்றார்.

5

மூன்று முடிவுகள் கைவசம் உண்டு. ஒன்றில் நாய் வயிற்றில் பூனை உறங்குகிறது, ஏதோ வங்கியின் காலண்டர் படம்போல. இன்னொன்றில் மூன்றாவது உதறல் தேவைப்படவில்லை. மற்றதில் பூனையும் நாயும் சேர்ந்து சேவலை... அது விமர்சகர்களுக்குப் பிடிக்கும், ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதலாம்.

எதையும் தரமாட்டேன். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. இப்போது எடுத்துவிட்டேன். நீங்கள் வையுங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. மெதுவாக. கீழே, தரையோடு, இரண்டு தலைகள் இருக்கின்றன.