ஓட்டம் நின்ற கல்

என் மனைவியின் பாதுகாப்புக் காலணிகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வால்வு வந்து நின்றபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கும் போகிற வேலை இல்லை. இருந்தும் போட்டுக்கொண்டிருந்தேன். வால்வு அவளோடு எண்ணெய்க் கம்பெனி லேபில் வேலை பார்த்தவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். அவனும் கோபித்துக்கொண்டதில்லை. அவளை அக்கா என்பான், என்னை மாமா என்பான். அன்றைக்கு அவன் வாயே திறக்காமல் பையை நீட்டினான். இரும்பு முனை வைத்த சின்னக் காலணி. அவள் கால் அளவுக்குக் கிடைக்காமல் சொல்லி வைத்து வாங்கியது. நாடாவின் முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் காலை உருவிக்கொள்வாள்.

"உள்ள வாப்பா."

"இல்ல மாமா. நீங்கதான் என்கூட லேபுக்கு வரணும்."

"எதுக்கு? கையெழுத்து ஏதாவது போடணுமா?"

"அதெல்லாம் இல்ல. அக்காவோட கல்லு."

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கிக் கிடக்கிறது என்றுதான் கல்யாணமான புதிதில் நானும் நினைத்திருந்தேன். அது பாறைக்குள்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத துளைகளில், தண்ணீரோடும் வாயுவோடும் முட்டி மோதிக்கொண்டு என்று அவள்தான் சொன்னாள். எண்ணெய்க் கிணற்றின் ஆழத்திலிருந்து வந்த பாறையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் குடைந்து எடுப்பாள். அதை எஃகு உருளைக்குள் இறுக்கி, சூடேற்றி, எண்ணெயை நிரப்புவாள். பிறகு ஒரு முனையில் உப்புத் தண்ணீரை மிக மெதுவாகச் செலுத்திவிட்டு, மறு முனையில் எவ்வளவு எண்ணெய் வருகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கல் முடிய வாரக்கணக்கில் ஆகும். விடுமுறை நாளில்கூட ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "என் சக்களத்தன் எப்படி இருக்கான்?" என்று கேட்பேன்.

"நல்லாத்தான் இருக்கான், உங்கள மாதிரி தொணதொணக்க மாட்டான். எண்ணெய்ய மட்டும் விட்டா நல்லா போகும். தண்ணிய மட்டும் விட்டாலும் நல்லா போகும். ரெண்டையும் சேர்த்து விட்டா ஒண்ணு வழிய ஒண்ணு மறிச்சுக்கும்."

"அதத்தான் தினம் காலைல நம்ம பாத்ரூம் வாசல்ல பாக்குறேனே."

சிரிப்பாள். ஒருமுறை, முழு எண்ணெயும் வெளியே வந்துவிடுமா என்று கேட்டேன். வராது என்றாள். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கொஞ்சம் உள்ளேயே அறுந்து நின்றுவிடுமாம். "அடுத்த துளையிலயும் அதே எண்ணெய்தான் இருக்கும். ஆனா நடுவுல தண்ணி. இது இங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது." அப்போது எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் லேபுக்குக் கிளம்பி வாசல் இறங்கும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனபின் வீட்டில் நான் நடக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

லேபுக்குள் நுழைந்ததும் முதலில் வாசனைதான் வந்தது. அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அதே வாசனை, ஆளில்லாமல் அங்கே நின்றிருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சூட்டுப் பெட்டிக்குள் எஃகு உருளை. பக்கத்தில் பம்பு, காதை வைத்தால்தான் கேட்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. வால்வு அதற்குமுன் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னிக்குப் போன் வந்ததும் எல்லாரும் உங்க வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கா போயிட்டாங்க, அவங்க மெஷின் மட்டும் ஓடிட்டு இருக்கேன்னு மனசு கேக்கல மாமா. நான்தான் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் எல்லாரும் இதச் சுத்தி நின்னோம். அப்புறம்தான் வந்தோம்."

"சரி. அதுல என்ன?"

"நிறுத்தவே கூடாது. ஓட்டம் நின்னா உள்ள எல்லாம் அப்படியே நிக்காது. தண்ணி தானா சின்னச் சின்னத் துளைக்கெல்லாம் ஏறிடும். போயிட்டிருந்த எண்ணெய் அங்கங்க அறுந்து மாட்டிக்கும். மறுநாள் வந்து மறுபடி ஓட விட்டேன், விட்ட இடத்துலேர்ந்து தொடரல. இத்தன வருஷம் இதே வேல பாக்குறேன், எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல அதுதான் மரியாதைன்னு பட்டுச்சு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ள நான் சுவரைப் பார்த்தேன்.

"இப்ப என்ன செய்யணுங்கற?"

"நடுவுல விட்டுப்போன இடத்துல ஒரு கோடு இழுத்து சேர்த்துட்டா போதும். யாருக்கும் தெரியாது. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அந்தம்மா பேர்லயே கடைசி ரிப்போர்ட் போகட்டும், வீட்ல சரின்னா எனக்கும் சரின்னுட்டார்."

"இல்லன்னா?"

"கல்லக் கழுவிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நான்தான் ஓட்டணும். அது என் பேர்லதான் போகும்."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் பெயர் அச்சான ஒரு தாளை மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்களிடம் காட்டலாம். யாரும் வருவதில்லை, ஆனாலும் இருக்கும். வால்வு திரையைத் திருப்பிக் காட்டினான். புள்ளிகள் வரிசையாக ஏறி, வளைந்து, சீராகப் போய்க்கொண்டிருந்தன. சட்டென்று ஓரிடத்தில் வெறும் வெள்ளை. கொஞ்சம் தள்ளி வேறொரு உயரத்தில் மறுபடி புள்ளிகள் தொடங்கின, முந்தியதோடு தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல. இந்த வெள்ளை இடத்தில்தான் அவளை அதே வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த வெள்ளை இடத்தில்தான் யாரோ என் கையில் தண்ணீர் டம்ளரைத் திணித்தார்கள், நான் அதை அவளுக்கென்று நினைத்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதற்குமேல் ஒரு கோடு போட்டால் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

"வேண்டாம்ப்பா" என்றேன். "நின்னது நின்னதாவே இருக்கட்டும்."

"மாமா, அவங்க பேரு..."

"கழுவிடு."

அவன் பம்பை அணைத்தான். உருளை ஆறும்வரை இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு திருகுகளைத் தளர்த்தி, கல்லை வெளியே எடுத்து, எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்து, என் உள்ளங்கையில் வைத்தான். இத்தனை வருஷத்தில் நான் அவளுடைய கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பழுப்பாக, பிசுபிசுப்பாக, இன்னும் லேசான வெதுவெதுப்போடு இருந்தது. துளை என்று ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை.

அதை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இறக்கினான். அடியில் ஒரு குடுவையில் ஏதோ தெளிந்த திரவம் கொதிக்கத் தொடங்கியது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கல்மேல் விழுந்தது. கூடு நிறைந்ததும் மொத்தமும் ஒரே மூச்சில் பக்கக் குழாய் வழியாக அடிக்குடுவைக்கு இறங்கிப் போயிற்று. கருந்தேநீர் நிறத்தில் போயிற்று.

"எப்ப முடியும்?"

"இறங்குறதுல எண்ணெய் நிறம் வர்றது நிக்கணும். நாள்கணக்கா ஆகும் மாமா. வாங்க, உங்கள வீட்ல விட்டுட்டு வர்றேன்."

"நீ உன் வேலயப் பாரு. நான் கொஞ்சம் இருக்கேன்."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூடு மறுபடியும் நிறைந்தது. திரவம் கல்லின் இடுப்புவரை ஏறி, தோளைத் தாண்டி, தலைக்குமேல் மூடிக்கொண்டு ஒரு கணம் தயங்கியது. பிறகு சரசரவென்று இறங்கியது, அதே நிறத்தில். ஈரம் பளபளக்கக் கல் மட்டும் தனியாக நின்றது. மேலே குளிர்ந்த கண்ணாடியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.