சும்மா செய்த வேலைக்குச் சந்தை விலை

"முடிவெட்டினதுக்கு எவ்வளவு குடுத்தீங்க மேடம்?" என்று கேட்டார் ஆடிட்டர்.

அக்காவுக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள். அந்தச் சின்னக் கால்பந்துக் கிளப்புக்கு அவள்தான் செயலாளர். டிக்கெட் கிழிப்பது, சம்பளம் போடுவது, கோல் வலையில் ஓட்டை விழுந்தால் தைப்பது எல்லாம் அவள்தான். அணியில் இருக்கும் தடியன்கள் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அறைதான் ஆபீஸ். கொடியில் ஈர ஜெர்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று ஆடிட்டரின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா பார்த்தாள், நகர்த்தவில்லை.

"ஒண்ணும் குடுக்கலை சார். தெருமுனை சலூன்காரர் நம்ம ரசிகர். பசங்களுக்குச் சும்மா வெட்டி விடுறாரு."

"சும்மான்னு ஒண்ணு விதியில கிடையாது மேடம். சந்தை விலை போட்டு உங்க செலவுல சேர்க்கணும். டாக்டரம்மா முட்டிக்குக் கட்டுப் போடுறாங்களே, அதுவும் சும்மாவா?"

"அவங்களும் ரசிகைதான்."

"சேர்க்கணும்."

ஆடிட்டரை அனுப்பிய கால்பந்துச் சம்மேளனத்தின் செலவு விதி இதுதான்: ஒரு கிளப் தன் வருமானத்துக்கு ஏற்றபடிதான் செலவு செய்யலாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கடன் வாங்கி ஆட்டம் போட்டு ஒரு கிளப்பும் தெருவுக்கு வந்துவிடக் கூடாதாம், அவ்வளவு அக்கறை. பெரிய கிளப்புக்கும் இதே விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. என்ன, பெரிய கிளப்பின் முதலாளிக்கு ஒரு சிமெண்ட் கம்பெனி இருந்தது. மைதானத்துக் கழிப்பறைகளுக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ள அந்தக் கம்பெனி கொடுத்த தொகையில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டலாம். வலது சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டார் மனிதர். அது வருமானம். வருமானம் ஏறியதும் செலவு செய்யும் உரிமையும் ஏறிவிட்டது. இதே ஆடிட்டர் அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் கை குலுக்கிப் பாராட்டிவிட்டு வந்தாராம். இங்கே வந்து முடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் ஜன்னல் மூடும் நாள். கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் சம்மேளனம் திறந்துவைக்கும் காலத்துக்கு ஜன்னல் என்று பெயர். வழக்கமாக அது பருவத்தின் பாதியிலேயே மூடிவிடும். இந்த வருடம் பெரிய முதலாளி எங்கோ உல்லாசப் பயணம் போயிருந்ததால் கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம் வரை நீட்டியிருந்தார்கள். எல்லாருடைய வசதிக்காகவும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. அந்த எல்லாரும் யார் என்று அக்கா தொலைபேசியில் கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி ஆட்டம் பெரிய கிளப்போடு. ஜெயித்தால் அவர்களுக்குக் கோப்பை. தோற்றால் அக்காவின் கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. எப்படியாவது ஒரு டிரா செய்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரே நம்பிக்கை கோல்கீப்பர். பந்து கையில் ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பசை என்று பெயர். அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

ஐந்து மணிக்கு ஜன்னல் மூட வேண்டும். அதற்குச் சற்று முன்னால் அக்காவின் செல்போன் கிணுகிணுத்தது. கிளப்பின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்திருந்தது. ஒரு புது பஸ்ஸின் விலை.

அந்தத் தொகையை எழுதியது அவளேதான். இரண்டு வருடம் முன்னால் கொட்டும் மழையில் கிளப்பின் ஓட்டை பஸ்ஸைத் தள்ளிவிட்டு வந்து, நனைந்த சேலையோடு தம்பியின் ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்தாள். எவ்வளவு கொடுத்தால் விட்டுவிடுவீர்கள் என்று அதில் ஒரு கட்டம். அந்தத் தொகையைக் கட்டும் கிளப்புக்கு அவனை விட்டே ஆகவேண்டும். யார் ஒரு கோல்கீப்பருக்கு பஸ் விலை கொடுக்கப் போகிறான் என்ற எகத்தாளத்தில் ஒரு புது பஸ்ஸின் விலையை எழுதிவிட்டாள். பெரிய கிளப் அதை டீ வாங்கிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டது.

தம்பியே கூப்பிட்டான். "அக்கா..."

"சொல்லித் தொலைடா."

"நாலு மடங்கு சம்பளம்க்கா. இவ வேற மாசமா இருக்கா. வேண்டாம்னு எப்படிக்கா சொல்றது?"

"சரி, போ. ஆட விடுவாங்களா?"

"நாலாவது கோல்கீப்பர்க்கா."

"நாலாவதா! மூணு பேருக்கும் ஒரே நாள்ல கை ஒடிஞ்சாத்தான் உனக்கு வாய்ப்பு. டேய், உன்னை ஆட வைக்க வாங்கலைடா, ஆட விடாம இருக்க வாங்கியிருக்கானுங்க!"

பெரிய கிளப்பின் மேனேஜரைப் போனில் பிடித்தாள். அவர் தேன் ஒழுகப் பேசினார். "கவலையே படாதீங்க மேடம். வேணும்னா அவரை உங்களுக்கே கடனாத் தர்றோம். வாடகையும் சம்பளமும் நீங்க குடுத்துடுங்க. ஒரே ஒரு நிபந்தனை, எங்களுக்கு எதிரா மட்டும் ஆடக் கூடாது."

"பாக்கி இருக்கிறதே உங்களோட ஒரு ஆட்டம்தானே!"

"அடடா, அப்படியா!" என்றார் அவர்.

அக்கா போனை வைத்துவிட்டு ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். மாற்று கோல்கீப்பர் மணிக்கட்டு உடைந்து வீட்டில் கிடந்தான். "சார், பேங்க்ல பஸ் விலை பணம் இருக்கு. யாராவது ஒரு கோல்கீப்பரை வாங்கிக்கிறேன்."

"பணம் இருக்கு மேடம். ஆனா விற்ற காசை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் வருமானமாக் காட்டணும். செலவை மட்டும் உடனே காட்டணும். நீங்க ஏற்கெனவே வரம்பைத் தொட்டுட்டீங்களே."

"எதுல தொட்டேன்?"

"முடிவெட்டுல" என்றார் ஆடிட்டர். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஜன்னலும் மூடிடுச்சு" என்றார். மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

சாயங்காலம் அக்காவின் கணவர் பயிற்சி முடித்து வந்தார். அவர்தான் அணியின் கோச். கோச்சுக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வரம்பு இடம் கொடுக்காததால், ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை என்று அவரை ஆட்டக்காரராகவும் பதிவு செய்திருந்தாள் அக்கா. பத்து வருடமாக அவர் பந்தை உதைத்ததில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும், "நான் நிக்கிறேன்" என்றார்.

"எங்க?"

"கோல்ல."

அக்கா அவருடைய வயிற்றைப் பார்த்தாள். "என்னங்க, தம்பியோட ஜெர்சி உங்களுக்குக் கழுத்து வரைக்கும்தான் ஏறும்."

"புதுசா வாங்கவும் கூடாதே" என்றார் அவர். அக்கா உட்கார்ந்து பழையதன் பக்கவாட்டைப் பிரித்து ஒட்டுப் போட்டாள். தைக்கும்போது மச்சானையும் முதலாளியையும் சம்மேளனத்தையும் அவர் திட்டிய திட்டை எழுத முடியாது. அக்கா தடுக்கவில்லை, இரண்டொரு வார்த்தை எடுத்தும் கொடுத்தாள்.

ஆட்டத்தன்று பெரிய கிளப்பின் பெஞ்சில், கடைசி நாற்காலியில் பசை உட்கார்ந்திருந்தான். மேலே பளபளக்கும் புதுக் கோட்டு. அக்கா இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கோச் கோலில் நின்றார் என்று சொல்வதைவிட, பந்துகள் அவர் மேல் வந்து மோதின என்று சொல்வதுதான் சரி. ஒன்று வயிற்றில் பட்டுத் திரும்பியது. ஒன்று முதுகில். இன்னொன்றைப் பிடிக்கப் போய் அவர் விழ, பந்து அவருடைய காலில் தானாக வந்து நின்றது. கம்பமும் இரண்டு தடவை உதவி செய்தது. நல்லவேளை, கம்பத்துக்கு ஆடிட்டர் விலை போடவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுத்தார்.

பெரிய கிளப்பின் நட்சத்திரம் பந்தை வைத்தான். மைதானமே பந்தைப் பார்த்தது. அக்கா மட்டும் தம்பியைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அந்த நட்சத்திரத்தின் பெனால்டிகளுக்கு முன்னால் நின்று பயிற்சி கொடுத்தவன் அவன்தான்.

பசை இடது காதைச் சொறிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீட்டாடும்போது மாமனும் மச்சானும் சேர்ந்து அவளை ஏமாற்றும் தந்திரம் அது. அவளுடைய இடது கைப்பக்கம் நல்ல சீட்டு இருந்தால் தம்பி இடது காதைச் சொறிவான். கண்டுபிடித்த அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது என்று விரட்டியிருந்தாள். கோலிலிருந்து கணவரும் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து கிளம்பும் முன்பே அவர் இடது பக்கம் சாய்ந்துவிட்டார். பாய்ந்தார் என்று பிற்பாடு அவர் சொல்லிக்கொண்டார், அது கிடக்கட்டும். பந்து முகத்தில் பட்டு வெளியே போனது. விசில். டிரா. மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அக்கா அழுதாள், சிரித்தாள், சலூன்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் ஆடிட்டர் வருகிறவரைக்கும் நீடித்தது. அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"இந்தக் காதைச் சொறிஞ்சது பெரிய கிளப்போட ஊழியர். அது தொழில்நுட்ப ஆலோசனை. நீங்க அதைச் சும்மா வாங்கியிருக்கீங்க."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "சந்தை விலை என்ன சார்?"

"அவருக்குச் சந்தையில கடைசியாக் குடுத்த விலை எதுவோ அது. ஒரு பஸ்."

வரம்பு எகிறிவிட்டது. ஆட்டம் செல்லாது என்று சம்மேளனம் தீர்ப்புச் சொல்லி, வெற்றியைப் பெரிய கிளப்புக்குக் கொடுத்தது. கோப்பை அவர்களுக்கு, கீழ்ப் பிரிவு இவர்களுக்கு. செலவு விதியைச் சிறப்பாகக் கடைப்பிடித்ததற்குப் பெரிய கிளப்புக்குத் தனியாக ஒரு கேடயமும் கிடைத்தது. பசையை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் மறுபடி திறக்கும்வரை அவனை எந்தக் கிளப்பும் சேர்த்துக்கொள்ள முடியாது.

கீழ்ப் பிரிவின் முதல் ஆட்டத்துக்குக் கிளம்பிய காலையில் பஸ் வழக்கம்போல் உறுமிவிட்டு நின்றது. புது பஸ்ஸின் பணம் வங்கியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கோச் ஒரு மூலையில் தோளைக் கொடுத்தார். தெருமுனையில் பசை நின்றுகொண்டிருந்தான். கையில் பச்சைக் குழந்தை. கிட்டே வந்து, குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் பின்பக்கம் இரண்டு கையையும் வைத்தான்.

"கையை எடுடா!" என்று கத்தினாள் அக்கா.

அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். கண் கலங்கிவிட்டது. "இன்னும் கோபம் போகலையாக்கா?"

"கோபமா? மடையா, நீ சும்மா தள்ளினா அதையும் செலவுல எழுதுவாங்கடா! இன்னும் எத்தனை பிரிவு கீழ போறது?" அக்கா அவன் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு தோள் பையிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்து ஒன்றைக் கிழித்து நீட்டினாள். "காசைக் குடுத்துட்டு, குழந்தையை வாங்கிக்கிட்டு உள்ள ஏறி உட்காரு. நாங்க தள்ளுறோம். அது வருமானம்."